கழியும் டைனமோவும்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாள் முழுக்க நின்ற கால்களை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு தோணியின் கதை சொல்கிறேன். லாரியிலிருந்து கழற்றிய கரண்டு மோட்டாரை வைத்து ஏரியில் ஓட்டிய தோணி. எந்த மோட்டாரை வைப்பது, எங்கே வைப்பது என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பட்ட பாடுதான் கதை. ராஜா ராணி இல்லை, பேய் பிசாசு இல்லை. ரொம்பக் களைத்துப்போன ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயர் பூங்காவனம்.

பெரிய சண்டை முடிந்த மறு வருஷம். வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பேச்சு இருந்ததே தவிர இன்னும் போகவில்லை. பூந்தமல்லிக்கு மேற்கே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் பூங்காவனத்தின் குடிசை. அவள் புருஷன் துலுக்கானம் முன்பெல்லாம் நல்ல மீன்பிடிக்காரன். சண்டைக் காலத்தில் ஆவடியில் ராணுவத்துக்குக் கொட்டகை போட்டு லாரி லாரியாக இறக்கினார்களே, அப்போது அங்கே கூலிக்குப் போனான். ஒரு நாள் சங்கிலியில் தொங்கிய எஞ்ஜின் நழுவி அவன் வலது தோளில் இடித்துவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. ஒரு கையால் வலை விடலாம், மீன் கழற்றலாம். தோணியில் நின்று கழி ஊன்ற முடியாது.

அன்றையிலிருந்து கழி பூங்காவனத்தின் கைக்கு வந்தது. 

அந்த ஏரியில் துடுப்பு வேலைக்காகாது. பாசி சுற்றிக்கொள்ளும். நீளமான மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றி, அதன் தலையை அடிவயிற்றோடு அணைத்து, உடம்பின் பாரத்தைப் போட்டுத் தள்ள வேண்டும். அவன் தோணியின் மூக்கில் உட்கார்ந்து வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். அவள் பின்னால் நின்று தள்ளுவாள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை, இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை அவள் வயிற்றில் பிள்ளை தங்கி, இரண்டு முறையும் நாலாம் மாதத்தைத் தாண்டாமல் போய்விட்டது. இரண்டாவது போனபோது அவள் அழவில்லை. அழுதால் களைப்பாக இருக்கும் என்று பேசாமல் படுத்திருந்தாள்.

மூன்றாவது தங்கியது. ஆடி பிறந்தபோது நாலாம் மாதம். மருத்துவச்சி முனியம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த கழியைப் பார்த்தாள்.

“இன்னாடி, இத்தையா வயித்துல வெச்சி அழுத்தறே?”

“வேற எத்த வெச்சி அழுத்தறது அத்தே?”

“நான் சொல்றத காதுல போட்டுக்கோ. நாத்து நடு, சோறாக்கு, தோணில ஏறி உக்காந்துகினு கூட போ. கழிய மட்டும் தொட்டே, இதுவும் தங்காது. அப்பறம் நாலாவது தங்கறதுக்கு உன் உடம்புல ஒண்ணியும் இல்ல.”

சொல்லிவிட்டு வெற்றிலையைக் கூட வாங்காமல் போய்விட்டாள். கோபத்தில் போகவில்லை. அவளுக்கும் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது.

தோணியைக் கரையில் ஏற்றிவிட்டால் போயிற்று என்று நினைப்பீர்கள். அது அவ்வளவு லேசில்லை. ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் பட்டணத்தில் இருந்தார். அவருக்காகக் கரையில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்த ஆள் நாகப்பன். எந்தத் தோணி எந்தத் துறையில் வலை விடலாம் என்று இடம் பிரித்துக் கொடுத்தவன் அவன்தான். அவன் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. ஒரு அமாவாசை முடிந்து அடுத்த அமாவாசை வருவதற்குள், ஒரு கூடை மீனாவது கொட்டகைக்கு வராத தோணிக்கு இடம் போய்விடும். காத்திருக்கிறவர்கள் நாலைந்து பேர் எப்போதும் இருந்தார்கள். போன இடம் திரும்பிக் கிடைத்ததில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கழி போட வேறு ஆள் தேடினார்கள். கைகால் உறுதியானவர்கள் எல்லாரும் மில்லுக்கும் ஆவடிக்கும் போயிருந்தார்கள்.

ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் துலுக்கானம் சொன்னான்: “பூங்கா, தோணிக்கு மோட்டாரு வெப்போம்.”

“மண்ணெண்ணெ எங்க கெடைக்கிது? வெளக்குக்கே ரேஷன் கார்டுல குடுக்கறது பத்தல.”

“எண்ணெ மோட்டாரு இல்லமே. அது கத்தற கத்துக்கு மீனு பட்டணத்துக்கே ஓடிப்பூடும். கரண்டு மோட்டாரு. பேட்டரில ஓடறது. ஆவடில லாரிய ஒடைக்கிறானுங்க. மேஸ்திரி என் தோளுக்குன்னு ஒரு மோட்டாரும் ஒரு பேட்டரியும் எடுத்துகினு போ, அதோட சரி, இன்னொரு வாட்டி வந்து நிக்காதேன்றான்.”

அவள் அவன் தோளைப் பார்த்தாள். இரண்டு வருஷம் கழித்து அதற்கு ஒரு மோட்டாரும் பேட்டரியும். சரி என்றாள்.

வைக்கோல் ஏற்றி வந்து காலியாகத் திரும்பிய ஒரு மாட்டு வண்டியில் கரையான்சாவடி வழியாக ஆவடிக்குப் போனார்கள். உடைத்த லாரிகள் வயல் வயலாகக் கிடந்தன. ஒரு கூரையின் கீழே கழற்றிய சாமான்களைக் குவித்திருந்தார்கள். மேஸ்திரி பீடியை எடுக்காமலே கையைக் காட்டினான்.

“இந்தப் பக்கம் செல்ப். அந்தப் பக்கம் டைனமோ. ஒண்ணே ஒண்ணு.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம் நைனா?” என்று கேட்டாள் பூங்காவனம்.

“செல்ப்பு இன்னா பண்ணும்னா, தூங்கற எஞ்ஜின ஒரு உலுக்கு உலுக்கி எழுப்பும். மூணு டன் லாரி எஞ்ஜினு. டைனமோ கரண்டு குடுக்கற சாமான். எஞ்ஜின் ஓடறப்போ கூடவே சுத்திகினு கெடக்கும். பேட்டரிலருந்து கரண்டு விட்டா அதுவும் தானா சுத்தும். மெதுவா சுத்தும்.”

துலுக்கானம் செல்ப்பைத் தூக்கிப் பார்த்தான். கனமாக இருந்தது. அவன் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. “எஞ்ஜினையே உலுக்கற சாமான். நம்ம தோணி எம்மாத்திரம்?”

“அது எவ்ளோ நேரம் சுத்தும்?” என்று அவள் மேஸ்திரியைக் கேட்டாள்.

“ஒரு மூச்சு. எஞ்ஜின் எழுந்துகிச்சின்னா அதுக்கு வேல முடிஞ்சிது.”

“த்தோ, அது?”

“டைனமோவா? அது பொழுதுக்கும் சுத்தும்.”

“கேட்டியாயா?” என்றாள் புருஷனிடம்.

“நேரம் இன்னா நேரம். பலத்த பாரு. மெதுவா சுத்தறத வெச்சி நான் இன்னா, பாட்டு கேக்கறதா?”

கண்ணுகளா, அவளுக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது. கழி பிடித்த கைக்குத் தெரியும். பலமாக ஊன்றினால் கழி சேற்றில் மாட்டிக்கொள்ளும், தோணி ஒரு பாய்ச்சல் பாய்ந்து நின்றுவிடும். தோணிக்கு வேண்டியது சின்னத் தள்ளு, ஆனால் விடாத தள்ளு. அதை எடுத்துச் சொல்ல வாதாட வேண்டும். வாதாட ஒரு தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து வண்டியின் குலுக்கலில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

செல்ப் வண்டியில் ஏறியது.

பிறகு பத்து நாள் வேலை. லாரியின் ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறி ஒன்றை மேஸ்திரி போனால் போகிறதென்று கொடுத்திருந்தான். கொல்லன் அதன் இலைகளைக் கையகலத்துக்கு வெட்டி, ஒரு நீளக் கம்பியின் நுனியில் பற்ற வைத்துக் கொடுத்தான். கம்பியின் மறு நுனி மோட்டாரில். மோட்டார் தோணியின் பின்விளிம்பில் ஒரு முளையில் உட்காரும், கம்பி சாய்வாகத் தண்ணீருக்குள் போகும், விசிறி தண்ணீரைத் தள்ளும். பேட்டரியைக் கரையான்சாவடி அரிசி மில்லுக்கு அனுப்பினார்கள். அங்கே ஆயில் எஞ்ஜின் ஓடியது. மில் மெக்கானிக் கங்காதரன் பஸ் பேட்டரிகளை வரிசையாக வைத்து சார்ஜ் ஏற்றிக் கொடுப்பான். அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். துலுக்கானம் கேட்கவில்லை. பேட்டரி எதற்கு என்றுகூடச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்தால் கண் பட்டுவிடும் என்று மோட்டாரையும் கோணிப்பை போட்டு மூடியே வைத்திருந்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் இன்னொன்று செய்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோணியைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால், கழியைத் தோளில் சாத்திக்கொண்டு மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் பொன்னியம்மன் கோயிலுக்கு நடந்தான். அவள் பின்னால் போனாள். கோயில் என்றால் நாலு செங்கல்லும் ஒரு வேப்பமரமும்தான். அவன் கழியை அம்மன் முன்னால் ஆழமாக நட்டு, உச்சியில் வேப்பிலை கட்டி, மஞ்சள் பூசினான்.

“தாயே, இனிமே இது உன்னுது. என் பொஞ்சாதி கை இத்த தொடாது.”

பூங்காவனம் கும்பிட்டாள். அவள் உள்ளங்கையில் காய்த்திருந்த இடமெல்லாம் அந்தக் கழி செய்தது. அது போனதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் தோணியில் கழி இல்லாமல் இறங்குகிறோமே என்று ஒரு நினைவு வந்தது. அம்மனுக்குக் கொடுக்கிற நேரத்தில் அப்படி நினைப்பது பாவம் என்று அதை உடனே விழுங்கிவிட்டாள்.

தோணி இறங்கியது. அவளைப் பின்பக்கம் மோட்டாரருகே பலகையில் உட்கார வைத்து, அவன் மூக்கில் வலையோடு உட்கார்ந்தான். கரையில் நாகப்பனும் இன்னும் நாலு பேரும் நின்று பார்த்தார்கள். அவள் ஒயரைப் பேட்டரியில் தொட்டாள்.

தோணி பாய்ந்தது. மூக்கு நிமிர்ந்து, துலுக்கானம் மல்லாக்க விழுந்து, கரையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விழுந்த இடத்திலிருந்தே அவன் சிரித்தான். “பாத்தியாமே, பாத்தியா?” அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் தண்ணீர் வெள்ளையாக நுரைத்தது. கரை சின்னதாகிக்கொண்டே போனது.

அவ்வளவுதான். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம். மோட்டாரிலிருந்து எரிந்த வாடை வந்தது. அவள் கையை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு இழுத்துக்கொண்டாள். நுரை குறைந்தது. விசிறி முக்கி முனகி நின்றது. ஒயரை எடுத்து எடுத்துத் தொட்டார்கள். பேட்டரியில் ஒரு பொறி கூட வரவில்லை. மூன்று வாரத்துக்குப் போதும் என்று அவன் நினைத்திருந்த கரண்டை அந்த செல்ப் ஒரே மூச்சில் குடித்துத் தீர்த்திருந்தது.

ஏரி நடுவில் தோணி பாசிப் பரப்பில் செருகி நின்றது. சுற்றிலும் ஒரு தோணி இல்லை. காற்றுக்கூட அன்றைக்கு ஓய்ந்திருந்தது. கழி இல்லை.

தூரத்தில், மதகோரம், அம்மன் முன்னால் நட்ட கழி ஒரு துரும்பு மாதிரித் தெரிந்தது.

“அத்த குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி ஓட்டிப் பாத்திருந்தா…” என்று ஆரம்பித்து அவன் நிறுத்திக்கொண்டான். அவள் பலகையை உருவிக் கையில் எடுத்தாள், தள்ளிப் பார்க்கலாம் என்று.

“அத்த கீழ வெய்” என்றான்.

“பின்ன எப்டி போறது?”

அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். ஆடி மாதத்துத் தண்ணீர், கழுத்தளவு. கீழே முழங்கால் வரை சேறு. தோணியின் பின்பக்கத்தில் நெஞ்சை முட்டுக்கொடுத்து, இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். ஒரு முழம் போனது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி இன்னொரு முழம்.

“நானும் எறங்கறேன்யா.”

“உக்காரு.”

“தோளு போயிடும்.”

“போனது போனதுதான். நீ உக்காருமே. உக்காந்துகினு கீறதுதான் இன்னிக்கி உன் வேல.”

கண்ணுகளா, சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவன் மூச்சு வாங்குவது காதருகில் கேட்டது. நடுநடுவே அவன் நின்று தோணியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டான். அப்போது அவள் கையில் தண்ணீர் மொண்டு அவன் நெற்றியில் ஊற்றினாள். வேறொன்றும் செய்யவில்லை. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் அழுத்திச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கரை சேர்ந்தபோது வெயில் உச்சி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. கரையில் யாரும் சிரிக்கவில்லை. நாகப்பன் மட்டும் சொன்னான்:

“டேய் துலுக்கானம், அமாவாசைக்கு இன்னும் ஒம்பது நாள் கீது. கணக்கு வெச்சிக்கோ.”

அன்று சாயங்காலம் அவளுக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. முனியம்மா வந்து நெடுநேரம் கையை வைத்துப் பார்த்தாள். துலுக்கானம் வாசலில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணியும் ஆவல” என்றாள் முனியம்மா கடைசியில். “எறங்காம உக்காந்துகினு வந்தியே, அது போதும். ரெண்டு நாள் படு.”

அவன் உள்ளே வந்து கால்மாட்டில் உட்கார்ந்தான். “கழிய போய் புடுங்கிகினு வந்துடறேன். நானே ஒத்த கையால ஊனறேன். அம்மா கோச்சிக்க மாட்டா.”

“குடுத்தத திருப்பிக் கேக்காதேயா. எனக்கு அது வேணாம்.” அவன் பக்கம் திரும்பிப் படுத்தாள். “அந்த செல்ப்ப கங்காதரன் கிட்ட எடுத்துகினு போவோம். இந்த வாட்டி நான் பேசறேன்.”

மூன்றாம் நாள் வண்டி பிடித்துப் போனார்கள். கங்காதரன் கை நிறைய கிரீஸோடு வந்து கோணிப்பையை விலக்கிப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

“இத்தையா தோணில மாட்டினீங்க? ஏன் அண்ணாத்தே, பேட்டரி குடுக்கறப்போ ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“கண்ணு பட்டுடும்னு” என்றான் துலுக்கானம் தரையைப் பார்த்துக்கொண்டு.

“என் கண்ணா? மூணு வருசமா எஞ்ஜின் பொகைல எனக்கே சரியா தெரியல.”

பூங்காவனம் நேராக விஷயத்துக்கு வந்தாள். “அண்ணாத்தே, இது பலமா தள்ளுது, நின்னுபோது. எனக்கு பலம் வேணாம். கழிய நான் எப்டி ஊனுவேனோ அப்டி. மெதுவா, விடாம. விடிஞ்சதுலருந்து வெயிலு ஏர்ற வரைக்கும். அந்த மாரி ஒண்ணு கீதா?”

கங்காதரன் அவளை மறுபடி பார்த்தான். இந்த முறை சிரிக்கவில்லை.

“கீதும்மா. டைனமோதான் அது. பஸ்காரங்க செல்ப்புக்கு அலையறாங்க. இது சுருளு கருகிப்போவல, பொழச்சிது. இத்த நான் வெச்சிக்கறேன், ஒரு டைனமோ தரேன். சரியா?”

உருளைக் கட்டை மாதிரி ஒரு டைனமோவை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒரு ஒயரை வளைத்து இன்னொரு முனையில் முறுக்கி, பேட்டரியைத் தொடுத்தான். அது ஒரு பெருமூச்சு மாதிரி கிளம்பிச் சுழன்றது. சத்தமே இல்லை. துலுக்கானத்துக்கு ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. மூவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். மில்லில் இரண்டு மூட்டை நெல் அரைபட்டு முடிந்தது. அது சுழன்றுகொண்டே இருந்தது. பூங்காவனம் கையை வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது, படுத்திருக்கும் மாட்டின் விலாவைத் தொட்டாற்போல.

“பேட்டரி நடுத்தோணில இருக்கணும்” என்றான் கங்காதரன். “ஒரு பக்கம் வெச்சா அந்தப் பக்கம் தோணி குந்திக்கும். ஒயரு தடியா, குட்டையா. மெல்லிசா நீட்டமா போட்டீங்கன்னா பாதி கரண்டு ஒயரே துன்னுடும். வாரத்துக்கு ஒரு வாட்டி பேட்டரிய இங்க அனுப்புங்க.”

திரும்பும்போது வண்டியில் அவள் தூங்கிவிட்டாள். டைனமோ அவள் மடியோரம் கோணிப்பையில் கிடந்தது.

கொல்லன் கம்பியை மாற்றிப் பூட்ட மூன்று நாள் எடுத்தான். எல்லாம் சரியாகி, பின்விளிம்பில் மாட்டி, கரையோரத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தபோது அமாவாசைக்கு இரண்டே நாள் இருந்தது. அமாவாசையன்று யாரும் வலை விடுவதில்லை. ஆக, மறுநாள் ஒன்றுதான் மிச்சம்.

துலுக்கானம் ஒயரைத் தொட்டான். விசிறி சுழன்றது. தோணி நிதானமாக, ஒரு கவலையும் இல்லாமல், பின்னோக்கி வந்து கரையில் முட்டியது.

துலுக்கானம் பேட்டரியில் இந்த ஒயரை அந்தப் பக்கமும் அந்த ஒயரை இந்தப் பக்கமும் மாற்றினான். லைட்டுக்கும் செல்ப்புக்கும் என்னென்னவோ மாற்றுவதை ஆவடியில் பார்த்திருக்கிறான். மறுபடி தொட்டான். தோணி மறுபடியும் பின்னோக்கி வந்து அதே இடத்தில் முட்டியது. அந்தச் சாமானின் குணம் அப்படி. எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுழலும். அது அவனுக்கு எப்படித் தெரியும்? நாலாவது முறை முட்டியதும் அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“நம்மளுக்கு ஒண்ணியும் அமையாதுமே. கரையான்சாவடிக்குப் போயி வர்றதுக்குள்ள நாளு போயிடும்.”

பூங்காவனம் கரைமேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது எழுந்து நிற்கவே சோம்பலாக இருந்தது. ஏரிக்கரை மேல் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது, உர மூட்டை ஏற்றி, ஒற்றை மாடு கட்டி. அதன் பின்னாலேயே அவள் பார்வை போனது. நாற்று நட்டும் ஏர்மாட்டின் பின்னால் நடந்தும் வளர்ந்தவள்தானே.

“இந்தா, மாடு வண்டிக்கு முன்னாடி கீதா, பின்னாடி கீதா?”

“இன்னாமே ஒளறே?”

“சொல்லுயா.”

“முன்னாடிதான்.”

“அப்ப அத்த கொண்டுபோயி மூக்குல கட்டு. அது சரியாதான் இழுக்குது. நாமதான் மாட்ட பின்னாடி கட்டிகினு, வண்டி ஏன் இப்டி போதுன்னு கேக்கறோம்.”

அவன் தோணியைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். எழுந்து போய் முளையைப் பிடுங்கினான். பொழுது சாய்வதற்குள் டைனமோ தோணியின் மூக்கில் உட்கார்ந்துவிட்டது. கம்பி முன்னோக்கிச் சாய்ந்து தண்ணீரில் இறங்கியது. தோணி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்தது போல, முன்னே போனது. மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் உடம்பும் பின்னாலேயே வந்தது. காற்றடித்தாலும் அலையவில்லை.

மறுநாள் விடிந்ததும் இறங்கினார்கள். இந்த முறை கோணிப்பை இல்லை, பூசை இல்லை. அவள் மூக்கில் டைனமோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேட்டரி நடுவில். அவன் பின்னால் உட்கார்ந்து, இடது கையால் வலையை விட்டுக்கொண்டே வந்தான். ஒரு புது மூங்கில் கழி, மெல்லியது, தோணியில் படுத்துக் கிடந்தது. அவன்தான் கொண்டுவந்து போட்டான்.

எவ்வளவு மெதுவாகப் போனது என்கிறீர்கள்? பக்கத்தில் நீந்திய ஒரு நீர்க்கோழி அவர்களைத் தாண்டிப் போனது, திரும்பிப் பார்த்துவிட்டு. கொக்கு ஒன்று பறக்காமல் நின்ற இடத்திலேயே நின்றது. பாசி விசிறியில் சுற்றிக்கொண்டபோதெல்லாம் கம்பியைத் தூக்கி அவள் விரலால் கிள்ளி எடுத்தாள். வெயில் ஏறியது. முதுகு வலித்தது, கண் செருகியது, பசித்தது. ஆனால் அடிவயிற்றில் ஒன்றும் அழுந்தவில்லை. ஏரியின் மேல் பக்கம் போய், வலையை முழுக்க விட்டு, காத்திருந்து, எடுத்தார்கள். பெரிய வேட்டை என்று சொல்ல மாட்டேன். கெண்டை கொஞ்சம், கெளுத்தி கொஞ்சம், அடியில் நாலு நல்ல விரால். ஒரு கூடை வந்தது. கூடைக்கு மேல் ஒரு மீன் வரவில்லை.

கொட்டகைத் துறைக்குத் தோணி வரும்போது நாகப்பன் முன்பே வந்து நின்றிருந்தான். அது வந்து சேர எடுத்த நேரத்தில் அவன் ஒரு பீடி முடித்து இன்னொன்று பற்ற வைத்துவிட்டான்.

“இன்னா துலுக்கானம், நத்தைய கட்டி இழுத்துகினு வரியா?”

துலுக்கானம் வாயைத் திறப்பதற்குள் பூங்காவனம் சொன்னாள்: “நத்தைக்கு மூச்சு வாங்காது அண்ணாத்தே.”

நாகப்பன் அவளைப் பார்த்தான், அவள் வயிற்றைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். கூடையைத் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்தான்.

“எடம் கீது, போ” என்றான்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சோறுகூட ஆக்கவில்லை. துலுக்கானம்தான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சினான், கட்டி கட்டியாக. அவள் குடித்துவிட்டுப் படுத்தாள்.

அந்த டைனமோ அவள் களைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், கண்ணுகளா. களைப்பு இருந்தது. வாரம் ஒருமுறை பேட்டரி அனுப்ப வண்டிக்குக் கெஞ்ச வேண்டியிருந்தது. புரட்டாசியில் ஒரு விசிறி இலை கல்லில் பட்டு ஒடிந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மூன்று வாரம் ஒரு கூடைக்கே பாடாக இருந்தது. அவள் எல்லா நாளும் மூக்கில் உட்கார்ந்து போனாள். ஐந்தாம் மாதம் கடந்தது. ஆறு கடந்தது. ஏழாம் மாதத்தில் முனியம்மா வந்து வயிற்றில் கை வைத்துவிட்டு, இந்தத் தடவை வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாள்.

தை மாதம் பெண் பிறந்தது. சின்னப் பிள்ளைதான், ஆனால் குரல் பெரிது.

பதினாறாம் நாள், இடுப்பில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூங்காவனம் மதகோரம் நடந்தாள். துலுக்கானம் இடது கையில் ஒரு பழைய சேலையை மடித்து எடுத்துக்கொண்டு கூட வந்தான். கழி நட்ட இடத்திலேயே நின்றது. வேப்பிலை காய்ந்து உதிர்ந்திருந்தது, மஞ்சள் மழையில் கரைந்துபோயிருந்தது. அவள் வயிறு பட்டுப் பட்டு மூங்கிலின் தலை தேய்ந்து வழவழவென்றிருந்தது. அவள் அந்த இடத்தை ஒரு கணம் பார்த்தாள். முதல் இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை.

சேலையின் ஒரு முனையைக் கழியிலும் ஒரு முனையை வேப்பங்கிளையிலும் துலுக்கானம் கட்டினான். ஒரு கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டான். “தாங்குமா?” என்றாள் அவள்.

“நான் நட்ட கழிமே. ஆழமா நட்டிருக்கேன்.”

பிள்ளையை அதில் போட்டாள். ஆட்டுவதற்கு இரண்டு பேருக்கும் தெம்பில்லை. வேப்பமரத்தின் அடியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஏரிக் காற்று வந்து மெதுவாக, விடாமல், தூளியை ஆட்டிக்கொண்டிருந்தது.

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. காலை மடக்கி எழுந்திருங்கள், வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிற கைகளுக்கு உட்கார ஒரு இடமும், உட்கார் என்று சொல்ல ஒரு வாயும் எந்நாளும் இருக்கட்டும். அடுப்பில் கூழாவது கொதிக்கட்டும். கட்டின தூளி அவிழாமல் இருக்கட்டும்.